ஒரே ஓர் ஆண்டுக்கு ஒரு புதுமுகம்: நால்வரில் யாரை எடுப்பது?

அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியில் ஆண்டின் சிறந்த வீரருக்கு ஹோபி பேக்கர் விருது தருகிறார்கள். 1981-இல் தொடங்கிய விருது அது. 2025 வரை அதைப் பெற்றவர்களில் முதலாமாண்டு மாணவர்கள் நான்கே பேர். 1993-இல் மெய்ன் பல்கலைக்கழகத்தின் பால் கரியா, 2015-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜாக் ஐக்கல், 2023-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆடம் ஃபான்டிலி, 2024-இல் மறுபடியும் பாஸ்டனிலிருந்து மெக்லின் செலப்ரினி.

இவர்களில் யார் பெரியவர் என்ற வழக்கு ரசிகர்களிடையே ஓய்வதில்லை. கேள்வியை அப்படியே வைத்தால் கரியா என்ற பதிலோடு இரண்டு நிமிடத்தில் எழுந்து போய்விடலாம். 39 ஆட்டங்களில் 100 புள்ளிகள் எடுத்தவரோடு யார் மல்லுக்கட்டுவது? அதனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக்கொள்கிறேன். நீங்கள் ஒரு கல்லூரி அணியின் பயிற்சியாளர். அணி மோசமில்லை, பிரமாதமும் இல்லை. இந்த நால்வரில் ஒருவருடைய முதலாமாண்டு மட்டும் உங்களுக்குக் கிடைக்கும். யாரை எடுப்பீர்கள்?

‘முதலாமாண்டு மட்டும்’ என்பது நான் வலிந்து சேர்த்த நிபந்தனை அல்ல. ஐக்கல், ஃபான்டிலி, செலப்ரினி மூவரும் ஓராண்டு முடிந்ததும் வட அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான தேசிய ஹாக்கி லீக்குக்குப் போய்விட்டார்கள். கரியா மட்டும் இரண்டாமாண்டுக்குத் திரும்பினார். அப்போதும் 12 ஆட்டங்களே ஆடினார். பிறகு கனடாவின் ஒலிம்பிக் அணியில் சேர்ந்து 1994 லில்லஹாமரில் வெள்ளி வென்றார். இத்தகைய மாணவரைச் சேர்க்கும் பயிற்சியாளருக்கு, கையில் ஓராண்டுதான் இருக்கிறது என்பது சேர்க்கும்போதே தெரியும்.

இந்த விளையாட்டைப் பார்த்துப் பழகாதவர்களுக்காகச் சில செய்திகள். ஐஸ் ஹாக்கியில் கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி. அந்தக் கோலுக்கு முன், பந்துக்குப் பதிலாக ஆடும் வட்டைக் கடைசியாகக் கடத்திக் கொடுத்த இருவர் வரைக்கும் ஆளுக்கு ஒரு புள்ளி. இதை அசிஸ்ட் என்பார்கள். ஆகவே ஒரு கோலில் மூன்று பேர் வரை பயனடையலாம். மூன்று முன்கள வீரர்கள் ஒரு வரிசையாக ஒன்றாக இறங்கி, ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஆடிவிட்டு, அடுத்த வரிசைக்கு இடம் விட்டு வெளியேறுவார்கள். ஒருவருடைய புள்ளிக் கணக்கைப் பார்க்கும்போது கூட ஆடிய இருவர் யார் என்று கேட்காமல் விட முடியாது. கல்லூரிப் பருவம் ஏறத்தாழ 40 ஆட்டங்கள். தொழில்முறை லீக்கின் 82 ஆட்டங்களில் பாதி.

வயதிலும் ஒரு வேடிக்கை உண்டு. கல்லூரி ஹாக்கியில் முதலாமாண்டு என்றால் 18 வயது என்று கொள்ள முடியாது. பள்ளி முடித்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஜூனியர் லீக்குகளில் ஆடிவிட்டு, 20, 21 வயதில் கல்லூரியில் சேர்பவர்கள் ஏராளம். எதிரணியில் 24 வயதுக்காரர் நிற்பது சாதாரணம். அந்த வயதில் ஆறு ஆண்டு வித்தியாசம் என்பது தோள், தொடை, இடுப்பு எல்லாவற்றிலும் தெரியும். நம் நால்வரும் இந்தக் கூட்டத்துக்குள் பொடியன்களாக நுழைந்தவர்கள். அதிலும் மூவருக்கு ஒரு விசித்திர ஒற்றுமை. கரியா பிறந்தது அக்டோபர் 16, ஐக்கல் அக்டோபர் 28, ஃபான்டிலி அக்டோபர் 12. தொழில்முறை அணிகள் இளம் வீரர்களைப் பங்கிட்டுக்கொள்ளும் டிராஃப்ட்டில் அந்த ஆண்டு செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிரம்பியவர்களையே எடுக்க முடியும். அக்டோபரில் பிறந்தவர் சில வாரங்களில் அந்தக் கோட்டைத் தவறவிட்டு, ஓராண்டு காத்திருக்க நேர்கிறது. அந்தக் காத்திருப்பு ஆண்டு கல்லூரியின் முதலாமாண்டோடு சரியாகப் பொருந்திவிடுகிறது. செலப்ரினி ஜூன் 13-இல் பிறந்தவர். அவர் பருவம் முழுவதையும் 17 வயதிலேயே ஆடி முடித்தார். அந்த ஆண்டு கல்லூரி ஹாக்கியின் மிக இளைய வீரர் அவர்தான். ஹோபி பேக்கர் விருதை வாங்கியவர்களிலும் அவரே மிக இளையவர். இந்த எட்டு மாத வித்தியாசத்துக்கு எவ்வளவு மதிப்பு கொடுப்பது என்பதுதான் இந்த ஒப்பீட்டில் என்னை அதிகம் அலைக்கழித்தது.

முதலில் கரியா. வான்கூவரில் பிறந்த, ஐந்தடி பத்து அங்குல உயரமுள்ள இடது விங் வீரர். 1992–93 பருவத்தில் 25 கோல், 75 அசிஸ்ட். ஆட்டத்துக்குச் சராசரி 2.56 புள்ளி. மெய்ன் அணி அந்தப் பருவத்தில் 42 ஆட்டங்களில் வென்றது, இரண்டைச் சமன் செய்தது, ஒன்றில் மட்டும் தோற்றது. அந்த ஒரு தோல்வியும் பாஸ்டன் பல்கலைக்கழகத்திடம் கூடுதல் நேரத்தில் 7–6 என்று வந்தது. 1993 ஏப்ரல் 3 அன்று மில்வாக்கியில் இறுதி ஆட்டம், எதிரணி லேக் சுப்பீரியர் ஸ்டேட். மூன்று கட்டங்களில் இரண்டு முடிந்தபோது மெய்ன் 4–2 என்று பின்தங்கியிருந்தது. கடைசிக் கட்டத்தில் அணித்தலைவர் ஜிம் மான்ட்கோமரி ஐந்து நிமிடத்துக்குள் மூன்று கோல் அடித்தார். மூன்றுக்கும் வட்டைக் கொடுத்தவர் கரியா. ஆட்டம் 5–4, கோப்பை மெய்னுக்கு. நால்வரில் தேசியப் பட்டத்தோடு முதலாமாண்டை முடித்தவர் அவர் ஒருவரே.

கரியாவுக்கு எதிராகச் சொல்ல எதுவுமே இல்லையா? இரண்டு வாதங்கள் இருக்கின்றன. முதலாவது காலம் பற்றியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்லூரி ஆட்டங்களில் கோல்கள் இப்போதைவிட மலிவு. கோல் கீப்பர்களின் பயிற்சி, அவர்கள் அணியும் கவசம், தற்காப்புத் திட்டங்கள் எல்லாம் பிறகு இறுகின. அந்தத் தள்ளுபடியைக் கொடுத்துத்தான் பார்ப்போமே. 100-இல் கால் பங்கைக் கழித்தால் 75 புள்ளி, ஆட்டத்துக்கு 1.92. மற்ற மூவரும் அதற்குக் கீழேதான். மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 67, ஆட்டத்துக்கு 1.7 சொச்சம். ஐக்கலின் 1.78-க்கும் ஃபான்டிலியின் 1.81-க்கும் சற்றுக் கீழே, செலப்ரினியின் 1.68-க்குச் சற்று மேலே. இவ்வளவு கடுமையாக வெட்டிய பிறகும் அவர் பந்தயத்தில் நிற்கிறார் என்றால் முதல் வாதம் அவரை வீழ்த்தவில்லை.

இரண்டாவது வாதம் கனமானது. அந்தப் பருவத்தில் மான்ட்கோமரி எடுத்தது 95 புள்ளி. அதே வரிசையின் மூன்றாமவர் கால் இங்கிரம் 46 கோல் அடித்து 85 புள்ளி எடுத்தார். மூவருடைய கணக்கையும் கூட்டினால் 280. பின்னால் காவலுக்கு கார்த் ஸ்னோ, மைக் டன்ஹம் என்று இரண்டு கோல் கீப்பர்கள். இருவருமே பிறகு தேசிய ஹாக்கி லீக்கில் ஆடியவர்கள். நல்ல வயலினும் மிருதங்கமும் அமைந்துவிட்ட கச்சேரியில் பாடகருக்கு விழும் கைத்தட்டலில் எத்தனை பங்கு பாடகருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கரியாவின் 75 அசிஸ்ட்டுகளும் அப்படித்தான். அவர் கொடுத்ததை வலைக்குள் தள்ள இங்கிரம் அங்கே இருந்தார். ஒரு பருவம் என்ற அளவில் கரியாவுடையதே மகத்தானது. அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் நம் கற்பனை அணியில் மான்ட்கோமரி இல்லை. கரியாவை எடுத்தால் அவருடைய 100 புள்ளியும் கூடவே வந்துவிடும் என்று நம்புவதற்கு இடமில்லை.

இங்கேதான் எனக்கு ஓர் அளவுகோல் தோன்றியது. அந்த வீரரைத் தூக்கிவிட்டால் அணியில் மிஞ்சுவது என்ன? முழுமையாக அளக்க வழியில்லை. எளிய வழி ஒன்று உண்டு: அவருக்கும் அதே அணியில் இரண்டாவதாக நின்றவருக்கும் எத்தனை புள்ளி இடைவெளி என்று பார்ப்பது. கரியாவுக்கும் மான்ட்கோமரிக்கும் 5. ஐக்கலுக்கும் எவன் ராட்ரிகஸுக்கும் 10. செலப்ரினிக்கும் லேன் ஹட்ஸனுக்கும் 15. ஃபான்டிலிக்கும் லூக் ஹியூஸுக்கும் 17. புள்ளி வரிசையில் உச்சியில் இருப்பவர் இந்த வரிசையில் அடிக்குப் போய்விடுகிறார்.

ஐக்கல் நால்வரில் ஒரே அமெரிக்கர்; மற்ற மூவரும் கனடாக்காரர்கள். மாசசூசெட்ஸின் நார்த் செல்ம்ஸ்ஃபோர்டில் வளர்ந்தவர் என்பதால் பாஸ்டன் அவருக்குப் பக்கத்து ஊர். 2013–14-இல் பாஸ்டன் பல்கலைக்கழக அணி 10 வெற்றி, 21 தோல்வி, 4 சமன் என்று துவண்டு கிடந்தது. அடுத்த ஆண்டு ஐக்கல் வந்தார். 28 வெற்றி, 8 தோல்வி, 5 சமன். நான்கு பாஸ்டன் கல்லூரிகள் மோதும் பீன்பாட் கோப்பை வந்தது, ஹாக்கி ஈஸ்ட் லீக் பட்டம் வந்தது, அதன் தொடர்ப் பட்டமும் வந்தது. 40 ஆட்டங்களில் 26 கோல், 45 அசிஸ்ட், மொத்தம் 71. நாட்டிலேயே அதிகப் புள்ளி அவருடையது. தேசிய இறுதி ஆட்டம் சொந்த நகரத்து டி.டி. கார்டன் அரங்கில், ப்ராவிடன்ஸ் கல்லூரிக்கு எதிராக. மூன்றாம் கட்டத்தில் பாஸ்டன் 3–2 என்று முன்னே. எதிரணி வீரர் நடுக்களத்திலிருந்து சும்மா உயர்த்திப் போட்ட வட்டை பாஸ்டன் கோல் கீப்பர் கையில் பிடித்தார். பிடித்தது நழுவிக் காலடியில் விழுந்து, சறுக்கி வலைக்குள் போனது. சில நிமிடங்களில் இன்னொரு கோல். 4–3 என்று ப்ராவிடன்ஸ் பட்டம் வென்றது. அன்று ப்ராவிடன்ஸ் கோல் கீப்பர் ஜான் கில்லிஸ் தடுத்தது 49 ஷாட்கள். அந்தத் தோல்வியை ஐக்கலின் கணக்கில் எழுதுவது அநியாயம்.

10 வெற்றியிலிருந்து 28 வெற்றி என்ற தாவலைப் பார்த்தால் நம் நடுத்தர அணிக்கு ஐக்கல்தான் பொருத்தம் என்று தோன்றும். எனக்கும் அந்த இழுப்பு இருந்தது. பட்டியலை நிதானமாகப் பார்த்தால் வேகம் குறைகிறது. அந்த அணியின் 10 வெற்றிப் பருவம் டேவிட் க்வின் பயிற்சியாளராக வந்த முதல் ஆண்டு. அடுத்த ஆண்டு அவருக்கு இரண்டாவது. மூத்த மாணவர் ராட்ரிகஸ் 61 புள்ளி, டேனி ஓரீகன் 50 புள்ளி. தற்காப்பில் அணித்தலைவர் மேட் க்ரிஸ்லிக். ஐக்கல் வராமல் இருந்தாலும் அந்த அணி எழுந்திருக்கும். இவ்வளவு உயரத்துக்குப் போயிருக்காது, அவ்வளவுதான். நம் கேள்விக்கு ஐக்கல் நல்ல விடை. அதைவிட நல்ல விடைகள் இருக்கின்றன.

இடையில் ஒரு செய்தி. விருது வாங்கியவர்களை மட்டும் வைத்து ஒப்பிடுவதில் ஓட்டை இருக்கிறது. 2015–16-இல் மிச்சிகனின் முதலாமாண்டு மாணவர் கைல் கானர் 38 ஆட்டங்களில் 35 கோல், 36 அசிஸ்ட் என்று 71 புள்ளி எடுத்தார். ஆட்டத்துக்கு 1.87, ஐக்கலையும் ஃபான்டிலியையும் செலப்ரினியையும் தாண்டிய சராசரி. விருது ஹார்வர்டின் இறுதியாண்டு மாணவர் ஜிம்மி வீஸிக்குப் போயிற்று. கானரின் வரிசையில் ஜே.டி. காம்ஃபர் 63 புள்ளியும் டைலர் மாட் 32 கோலும் எடுத்திருந்தார்கள். புகழ் மூன்றாகப் பிரிந்ததும், நான்கு ஆண்டு உழைத்த மூத்தவருக்கு மரியாதை செய்யும் வழக்கமும் அவருக்கு எதிராக வேலை செய்திருக்கும் என்பது என் ஊகம். அதை ஊகமாகவே விட்டுவிடுகிறேன்.

இன்னொரு மயக்கத்தையும் ஒதுக்கிவிட வேண்டும். கரியா 989 தொழில்முறை ஆட்டங்களில் 989 புள்ளி எடுத்தவர், 2017-இல் ஹாக்கி புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டவர். ஐக்கல் 2023-இல் வேகஸ் அணியோடு தேசிய ஹாக்கி லீக்கின் பட்டமான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். செலப்ரினி 2024-இல் டிராஃப்ட்டின் முதல் வீரராக சான் ஹோசேவுக்குப் போனார். இவை எல்லாம் பிறகு நடந்தவை. ஓராண்டுக்கு ஆள் எடுக்கும் பயிற்சியாளருக்கு இவற்றால் காலணாப் பயனில்லை. ஃபான்டிலியை மக்கள் நாலாவதாகத் தள்ளுவதற்குப் பாதிக் காரணம், கொலம்பஸ் அணியில் அவருடைய தொடக்கம் மற்றவர்களுடையது போல ஆரவாரமாக இல்லாததே என்று நினைக்கிறேன்.

இனி ஃபான்டிலிக்கும் செலப்ரினிக்கும் இடையே வழக்கு. காகிதத்தில் இருவரும் ஏறக்குறைய இரட்டையர். இருவரும் முன்கள வரிசையின் நடுவில், சென்டர் இடத்தில் ஆடுபவர்கள். இருவரும் சிகாகோ ஸ்டீல் என்ற ஒரே ஜூனியர் அணியிலிருந்து கல்லூரிக்கு வந்தவர்கள். ஃபான்டிலி 36 ஆட்டங்களில் 30 கோல், 35 அசிஸ்ட். செலப்ரினி 38 ஆட்டங்களில் 32 கோல், 32 அசிஸ்ட். இருவருடைய அணியும் தேசிய அரையிறுதியில் தோற்றது: மிச்சிகன் குவினிபியாக்கிடம் 5–2, பாஸ்டன் டென்வரிடம் கூடுதல் நேரத்தில் 2–1. இருவரையும் வீழ்த்திய அணிதான் அந்தந்த ஆண்டு பட்டம் வென்றது. அண்ணன்மாரும் அதே கல்லூரி அணியில் ஆடினார்கள் என்பது வரைக்கும் ஒற்றுமை போகிறது.

வேற்றுமை அவர்கள் போய்ச் சேர்ந்த வீட்டில் இருக்கிறது. 2022 வசந்தத்தில் மிச்சிகன் அணி தேசிய அரையிறுதி வரை போயிருந்தது. 2021 டிராஃப்ட்டின் முதல் ஐந்து பேரில் நால்வர் மிச்சிகன்காரர்கள்: ஓவன் பவர், மேட்டி பெனியர்ஸ், லூக் ஹியூஸ், கென்ட் ஜான்சன். ஃபான்டிலி வந்தபோது அந்த நால்வரில் மிஞ்சியிருந்தவர் ஹியூஸ் மட்டும், அவரும் தற்காப்பாளர். ஆகஸ்ட்டில் தலைமைப் பயிற்சியாளரும் மாறி, பிராண்டன் நௌராடோ இடைக்காலப் பொறுப்பில் அமர்ந்தார். நவம்பரில் அணிக்குள் வைரஸ் தொற்று புகுந்து, ஒரு வீரர் மருத்துவமனையில் சேர்க்கப்படும் அளவுக்குப் போனது. ஃபான்டிலியோடு முன்களத்தில் ஆடிய ரட்கர் மெக்ராடியும் கேவின் பிரிண்ட்லியும் அவரைப் போலவே முதலாமாண்டு மாணவர்கள். ஒருவர் 39 புள்ளி, மற்றவர் 38. பருவத்தின் நடுவே ஃபான்டிலி உலக ஜூனியர் போட்டிக்கும் போய்விட்டு, கனடாவுக்காகத் தங்கப் பதக்கத்தோடு வந்தார். இவ்வளவுக்கும் நடுவில் நாட்டிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் அவர். மிச்சிகன் ஆடும் பிக் டென் லீக்கின் தொடர் இறுதியில் மின்னசோட்டாவை அதன் சொந்த அரங்கிலேயே மிச்சிகன் 4–3 என்று வென்றது. அந்த மின்னசோட்டாவில் லோகன் கூலி என்ற இன்னொரு முதலாமாண்டு வீரர் 60 புள்ளி எடுத்து, ஹோபி பேக்கர் இறுதி மூவரில் ஒருவராக இருந்தார். அதே அணியின் மேத்யூ நைஸ் மூன்றாமவர். அவர்கள் இருவரையும் தாண்டித்தான் ஃபான்டிலி விருதைப் பெற்றார்.

செலப்ரினி போன பாஸ்டன் அணி நிலைகுலைந்த வீடல்ல. முந்தைய ஆண்டு தேசிய அரையிறுதி வரை போன அணி. தற்காப்பிலிருந்தே தாக்குதலைத் தொடங்கும் லேன் ஹட்ஸன் இரண்டாமாண்டுக்குத் திரும்பியிருந்தார். அவர் எடுத்தது 49 புள்ளி. ஜே பண்டோல்ஃபோ பயிற்சியாளராக நிலைபெற்றிருந்தார். சூழல் இவ்வளவு சாதகமாக இருந்தும் அந்த ஆண்டு கோப்பை ஒன்றுகூட வரவில்லை. பீன்பாட் இறுதியில் நார்த்ஈஸ்டர்னிடம் கூடுதல் நேரத்தில் தோல்வி. ஹாக்கி ஈஸ்ட் இறுதியில் பக்கத்துக் கல்லூரியான பாஸ்டன் காலேஜிடம் 6–2 என்று தோல்வி. டென்வருடனான அரையிறுதியில் பாஸ்டன் அடித்த ஒரே கோலும் செலப்ரினியுடையது அல்ல. ஒரு 17 வயதுப் பையன் மீது இவ்வளவையும் சுமத்துவது கொடுமைதான். ஆனால் விருதை அவர் கையில் கொடுத்தவர்களே வயதைப் பார்க்காமல் நாட்டின் சிறந்த வீரர் என்றுதான் கொடுத்தார்கள்; தோல்வியை எண்ணும்போது மட்டும் வயதை இழுத்து வருவது பொருந்தாது.

அவருக்குச் சாதகமான வாதம் வேறிடத்தில் இருக்கிறது. செலப்ரினி வட்டு தன்னிடம் இல்லாதபோதும் ஆடுகிறவர். எதிரணியை விரட்டிப் பின்னால் வருவது, பந்தயம் கட்டியது போல் வட்டைப் பறிப்பது, சொந்தக் கோலின் முன் நிற்பது என்று பயிற்சியாளர்கள் மூத்தவர்களிடமே கெஞ்சிக் கேட்கும் வேலைகளை 17 வயதில் தானாகச் செய்தார். புள்ளிப் பட்டியலில் இதற்குக் கட்டம் கிடையாது. ஃபான்டிலி ஆறடி இரண்டு அங்குல உடம்போடு நேராக உள்ளே புகுந்து அடிப்பவர். தாக்குதலில் அவரைத் தடுப்பது கடினம், தற்காப்பில் செலப்ரினியின் ஒழுங்கு அவரிடம் அந்த ஆண்டு இல்லை. அந்த எட்டு மாத வயதையும் சேர்த்தால், இருவருக்கும் ஒரே கல்லூரியில் ஒரே வயதில் வாய்ப்புக் கொடுத்திருந்தால் செலப்ரினி முந்தியிருப்பார் என்று வாதிடுவதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் நாம் எடுப்பது இருந்த பருவத்தை. இருந்திருக்கக்கூடிய பருவத்தை அல்ல.

முன்கள வீரர்களையே சுற்றிச் சுற்றி வருவதும் ஒரு குறைதான். ஹோபி பேக்கர் விருது 2025 வரை மூன்றே கோல் கீப்பர்களுக்குப் போயிருக்கிறது: 1988-இல் ராப் ஸ்டாபர், 2001-இல் ரயன் மில்லர், 2022-இல் ட்ரைடன் மெக்கே. மூவரில் ஒருவரும் முதலாமாண்டு மாணவர் அல்ல. 2023–24-இல் டென்வரின் ஸீவ் பூயம் தற்காப்பாளராக 50 புள்ளி எடுத்து, தேசியப் பட்டமும் வென்று முதலாமாண்டை முடித்தார். செலப்ரினியை அரையிறுதியில் வெளியேற்றிய அணி அவருடையது. தற்காப்பாளர் முன்கள வீரரைவிட அதிக நேரம் பனியில் நிற்பவர். நால்வரோடு அவரையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என் வரிசை ஆட்டம் கண்டுவிடும்.

இன்னொரு செய்தி இந்த ஒப்பீட்டையே ஒரு காலகட்டத்துக்குள் அடைத்துவிடுகிறது. கனடாவின் மேல்நிலை ஜூனியர் லீக்குகளில் ஆடியவர்களை அமெரிக்கக் கல்லூரிகள் நெடுங்காலம் தொழில்முறை ஆட்டக்காரர்களாகவே கருதிச் சேர்க்க மறுத்தன. கரியா வேறு லீக்கில் பென்டிக்டன் அணிக்கு ஆடியதும், ஃபான்டிலியும் செலப்ரினியும் எல்லை தாண்டி சிகாகோவுக்குப் போனதும் இந்த விதிக்கு உட்பட்டே. 2024 நவம்பரில் விதி தளர்ந்தது. 2025–26 பருவம் முதல் அந்த லீக்குகளின் வீரர்கள் கல்லூரிக்கு வரலாம். அந்த லீக்குகளில் ஒன்றில் மெடிசின் ஹேட் அணிக்காக ஒரே பருவத்தில் 56 ஆட்டங்களில் 129 புள்ளி எடுத்த கேவின் மெக்கென்னா உடனே பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இனி வரும் முதலாமாண்டு வீரர்கள் பலர் கடினமான லீக்கில் இரண்டு மூன்று ஆண்டு தேறியவர்களாக இருப்பார்கள். அவர்களுடைய புள்ளிகளை இந்த நால்வருடையதோடு நேருக்கு நேர் வைக்க முடியாது.

என் தேர்வு ஃபான்டிலி. நிபந்தனை நடுத்தர அணி என்பதால்தான் இது. முதுகெலும்பு முறிந்த அணியை, தன் வயது நண்பர்கள் இருவரை இரு பக்கமும் வைத்துக்கொண்டு, இடைக்காலப் பயிற்சியாளரோடு தேசிய அரையிறுதி வரை கொண்டுபோனவர் அவர் ஒருவரே. இரண்டாவது செலப்ரினி, மூன்றாவது கரியா, நான்காவது ஐக்கல். கரியாவை மூன்றாவதாக வைத்ததற்கு என்னை வைய விரும்புபவர்கள் வையலாம். அவரைத் தள்ளியது அவருடைய ஆட்டம் அல்ல, என் கேள்விதான். உங்கள் அணியில் ஏற்கெனவே ஒரு மான்ட்கோமரி இருந்தால் இந்த வரிசையைக் கிழித்துப் போட்டுவிட்டு கரியாவை எடுங்கள். முன்களம் சுமாராக இருந்து, கோல் கீப்பர் இளையவராகவும் தற்காப்பு ஓட்டையாகவும் இருந்தால் செலப்ரினி. இந்த இரண்டு நிலையும் இல்லாத அணிக்கு, 36 ஆட்டத்தில் 30 கோல் அடித்த மிச்சிகன்காரர்.